யோசிக்கிறவர் முதலில் வெளியே

விண்டர்தூரில் காலாண்டுக் கணக்கு முடிகிற இரவு.
காப்பீட்டுக் கம்பெனியின் நிலவறை. தரைப்பலகைகளுக்கு அடியில்
குளிர்காற்று ஓடுகிறது, கால் விறைக்கிறது.
நான் டேப் மாட்டுகிறவன். எண்ணைச் சொன்னால் கொண்டுவருவேன்.
முதுகில் பிளாஸ்டிக் வளையம் இருந்தால் எழுதலாம்,
கழற்றிவிட்டால் வாசிக்க மட்டும்.
அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்று
ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஆனால் கன்சோல் கண்ணுக்கு நேரே இருக்கிறதே.

நினைவகம் முப்பத்திரண்டு மெகாபைட்.
வந்து நிற்கிற வேலைகள் நூற்றுப் பதினான்கு.

மூன்றாம் மாடியில் ஹுன்சிக்கர்
இந்நேரத்திலும் எரிந்துபோன ஒரு மாட்டுக் கொட்டகைக்கு விலை வைக்கிறார்.
தட்டுவார். நிறுத்துவார்.
கூரைக்கு எவ்வளவு, வைக்கோலுக்கு எவ்வளவு,
யோசிப்பார்.
யோசிக்கத் தொடங்கியதுமே மெஷின் அவரை வெளியே எடுத்துவிடுகிறது.
திரையில் பச்சை எழுத்துகள் அப்படியே நிற்கும்;
உள்ளே ஆள் இல்லை.
விசையை அழுத்தினால் மறுபடி உண்டாவார்.
எத்தனை வருடமாகவோ, ஒவ்வொரு யோசனையின்போதும்
அவர் இல்லாமல் போயிருக்கிறார்.
ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

இதில் ஒரு கருணையும் உண்டு, அல்லது சோம்பல்:
பேரை வெட்டிவிட்டு, பக்கங்களை அங்கேயே கிடக்க விடும்.
இந்தா வந்துவிடுவான், டிஸ்க்குவரை ஏன் சுமப்பான் என்பதுபோல.
நெருக்கடி முற்றினால்தான் மூட்டை கட்டும்.
எந்தப் பக்கத்தைக் கனநேரமாக ஒருவரும் தொடவில்லை என்று
எண்ணிக்கொண்டே இருக்கும்.
தொடாதது போகும்.

இரண்டு பத்துக்கு எல்லாம் நின்றது.

நாற்பத்தொரு வேலைகள் வரிசையில். செயலி சும்மா இருக்கிறது.
என் டேப்புகள் ஒன்றும் சுழலவில்லை;
அந்த அறையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.
ஊர்சினா கடுஃப் கன்சோலில் குனிந்து
ரொமான்ஷ் மொழியில் ஏதோ திட்டினாள்.
பிறகு சிரித்தாள். "பார், ஆர் என்று."

உணவுச்சாலைக் கணக்கு.
கடைசி வகுப்பு வேலை, சூப்பும் உருளைக்கிழங்கும் எண்ணுவது.
வாடிக்கையாளர் கோப்பின் பூட்டு அதன் கையில்.
பூட்டைப் பிடித்தபடியே அதை வெளியே தள்ளியிருக்கிறது மெஷின்.
மற்றவர்கள் காத்திருக்கிறார்களே என்று திரும்ப உள்ளே இழுக்கிறது,
ஒரு மிடறு குடிக்க விடுகிறது, நேரம் முடிந்தது என்று மறுபடி தள்ளுகிறது.
கொடுத்த மிடறு காணாது. அவ்வளவுதான்.

ட்சொலிங்கரைத் தொலைபேசியில் எழுப்பினோம்.
அட்டவணை எழுதியவர் அவர்.
நித்திரைக் குரலில் சொன்னார்:
"பூட்டு வைத்திருக்கிறவனுக்கு ஒரு பூச்சியம் கூட்டிப் போடு."
ஊர்சினா கூட்டினாள்.
சூப்பும் உருளைக்கிழங்கும் நான்கு வினாடியில் முடிந்தன.
நாற்பத்தொன்றும் ஒன்றாய்ப் பாய,
ஒரே நேரத்தில் ஏழு டேப் கேட்டது, நான் ஓடினேன்.

ஆறு இருபதுக்கு பஸ்ஸில் டொஸ்.
ஒரு அறை, ஒரு கட்டில், இரண்டு பேர்.
குகதாசன் பேக்கரிக்குக் கிளம்பும்போது நான் படுக்க வருவேன்.
பத்து மாதமாகப் பிசகாத கணக்கு;
நாங்கள் இருவரும் ஒன்றாய் விழித்திருந்து கதைத்தது
மூன்று ஞாயிறுகூட இல்லை.

இன்று வாசல் மிதியடிக்குக் கீழே சாவி இல்லை.
மாவுச் சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

படிக்கட்டில் இருக்கிறேன்.
கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் இன்னும் சூடாகத்தான் இருக்கும்,
போனவனின் முதுகுப் பள்ளம் மெத்தையில் அப்படியே.
மேல்மாடி பிரீச்சி அம்மாள் பால் போத்தல் எடுக்க இறங்கினவள்
என்னைப் பார்த்துவிட்டு,
இரண்டு படி இறங்கி, திரும்பி,
என்ன யோசிக்கிறாய் என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன் அவசரமாக.
ஒன்றுமே யோசிக்கவில்லை.